மேலயா, கீழயா?

முன்னால் மேம்பாலம் ஏறத் தொடங்குகிறது. இடப்பக்கம் சர்வீஸ் ரோடு பிரிகிறது. ஓட்டுகிறவர் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், "மேலயா, கீழயா?" என்கிறார். பக்கத்து இருக்கையில் போனைப் பிடித்திருப்பவர் திரையைப் பெரிதாக்குகிறார், சின்னதாக்குகிறார், "நேரா போகச் சொல்லுதுங்க" என்கிறார். மேலே போவதும் நேர்தான், கீழே போவதும் நேர்தான். "எந்த நேரா?" என்று குரல் ஏறும்போது வண்டி பாலத்தின் மேல் வந்திருக்கும், திரும்பவேண்டிய ஊர் கீழே போய்க்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை இரவிலிருந்து ஒருவரை ஒருவர் கேலி செய்து சிரித்துக்கொண்டு வந்த தம்பதி, அடுத்த நாற்பது கிலோமீட்டருக்குப் பேசாமல் வருவார்கள்.

குடும்பப் பயணத்தில் வரும் சண்டைக்குக் கணவன் மனைவியின் குணமே காரணம் என்பது பொதுவான பேச்சு. "அவருக்குக் கோபம் ஜாஸ்தி", "அவளுக்கு மேப் பார்க்கத் தெரியாது" என்று முடித்துவிடுவோம். எனக்கு இதில் சம்மதமே இல்லை. வீட்டில் இருவரும் அதே குணத்தோடுதான் இருக்கிறார்கள். அங்கே ஒருவர் காலை ஒருவர் வாரிவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள். காரில் மட்டும் சிரிப்பு ஏன் வற்றிப்போகிறது? என் கணிப்பில் இரண்டே காரணங்கள். ஒன்று, பதில் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாதவரிடம் பதில் கேட்கிறோம். இன்னொன்று, தவறு நடந்த பிறகு யார் முதலில் சிரிக்கலாம் என்ற கணக்கைத் தப்பாகப் போடுகிறோம்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். வானம் திறந்த இடத்தில்கூட ஒரு சாதாரண போனின் ஜிபிஎஸ் சுமார் ஐந்து மீட்டர் அளவுக்குத்தான் துல்லியம். பிரதான சாலைக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் இடையில் இருப்பதோ பல இடங்களில் அதைவிடக் குறைவு. நாம் பாலத்தின் மேல் இருக்கிறோமா, அடியில் இருக்கிறோமா என்பதைப் பெரும்பாலான நேரம் போனால் பிரித்துச் சொல்லவே முடியாது. ஆகவே பக்கத்தில் இருப்பவர் தடுமாறுவது கவனக்குறைவு ஆகாது. அவர் கையில் இருக்கும் கருவிக்கே அது தெரியவில்லை.

இதைச் சரிசெய்யும் வழி எளிது. கிளம்புமுன் பாதையை ஒருமுறை விரலால் நகர்த்திப் பார்த்து, உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடங்களை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து ஏற்காடு என்றால் திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவழி, உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டுச் சேலம் சாலையில் பிரிவது, கடைசியில் சேலத்துக்குள் நுழையும் இடம். அவ்வளவுதான். மற்றப் பாலங்களுக்கெல்லாம் ஒரே விதி: ஊருக்குள் வேலை இருந்தால் கீழே, ஊரைத் தாண்ட வேண்டுமானால் மேலே. சர்வீஸ் ரோட்டுக்கான வழி பாலத்தின் அடிவாரத்தில் இருக்காது, பல நூறு மீட்டர் முன்பே வந்துவிடும். பாலம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. 500 மீட்டர் என்பது 23 நொடிகூட இல்லை. அதற்குள் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பின்னால் வரும் லாரிக்கு வழிவிட்டு, தடம் மாற வேண்டும்.

அதனால் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு கிலோமீட்டர் முன்பு ஒருமுறை, ஒரு கிலோமீட்டரில் ஒருமுறை, திரும்பும் இடத்தில் ஒருமுறை சொல்ல வேண்டும். அதுவும் கண்ணில் படும் பொருளை வைத்து: "அந்தப் பச்சை போர்டு தாண்டினதும் இடது", "முன்னாடி போற டேங்கர் பின்னாடியே கீழ இறங்குங்க." இடது, வலது என்று வெறுமனே சொல்வதை அவசரத்தில் மூளை தலைகீழாக வாங்கிக்கொள்கிறது, டேங்கர் லாரியை யாரும் தலைகீழாக வாங்குவதில்லை. போனின் குரலை அணைத்துவிட்டு, மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வழி சொன்னால் ஓட்டுகிறவர் இருவரையுமே கேட்கமாட்டார்.

இத்தனைக்குப் பிறகும் தவறும். தவறட்டும். பாலத்தில் பின்னால் எடுப்பதையும், ஓரத்தில் நிறுத்தி எதிர்த்திசையில் வருவதையும் மட்டும் எந்த நிலையிலும் செய்யக்கூடாது. அது உயிரோடு விளையாடுவது. அடுத்த திறப்பு வரை போய்த் திரும்பி வந்தால் பெரும்பாலும் சில கிலோமீட்டர்தான் கூடும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு மணிநேரம் உபரியாக வைத்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் வலிக்காது.

முதல் சிரிப்பு யாருடையது

பாலம் தவறிய அந்தக் கணத்துக்கு வருகிறேன். பயணத்தின் மீதி நேரம் எப்படிப் போகும் என்பது, அதற்கடுத்த சில நொடிகளில் யார் வாயைத் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. கவனித்துப் பாருங்கள், மூவருக்கும் சொல்ல ஏதோ இருக்கும். ஓட்டுகிறவருக்கு "அப்பவே கேட்டேன்" என்பது நாக்கு நுனியில் நிற்கும். வழி சொன்னவருக்கு "நீங்க மெதுவா போயிருந்தா" என்பது. பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைக்கு, "அம்மா தப்பா சொல்லிட்டாங்க" என்று கூவ ஆசை. மூன்றுமே உண்மையாக இருக்கலாம். மூன்றில் எது முதலில் வந்தாலும் கதை முடிந்தது.

அந்தக் கணத்தில் சிரிக்க வைக்கும் உரிமை தவறவிட்டவருக்கு மட்டும்தான். வழி சொல்லத் தவறியவரே, "சரி, இந்த ஊரையும் மேல இருந்து பார்த்தாச்சு, அடுத்த ஊரையாவது கீழ இருந்து பார்ப்போம்" என்றால் கார் முழுக்கச் சிரிக்கும். அதே வாக்கியத்தை ஓட்டுகிறவர் சொன்னால் அது குத்தல். சொல் ஒன்றே, தொனிகூட ஒன்றே. சொல்கிற ஆள் மாறினால் பொருள் மாறிவிடுகிறது. தான் செய்ததைத் தானே கேலி செய்யும்போது, நடந்ததை ஒப்புக்கொண்டதாகவும் ஆகிறது, பெரிதுபடுத்த வேண்டாம் என்று கேட்டதாகவும் ஆகிறது. மற்றவர் கேலி செய்தால் அது தீர்ப்பு. தீர்ப்புக்கு எதிர்வாதம் வரத்தான் செய்யும்.

தவறவிட்டவர் உடனே சிரிக்கும் நிலையில் இல்லாவிட்டால்? காத்திருக்க வேண்டும். திரும்பி வந்து சரியான சாலையில் ஏறும் வரை மௌனமாக இருந்தால் போதும், அவர் ஆரம்பிப்பார். அவர் ஆரம்பித்த பிறகு மற்றவர்கள் தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்க முடியும். அவர்கள் பெரியவர்களைவிட வேகமாக இதைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு அந்த ஊரின் பெயரே வீட்டுக்குள் ஒரு சங்கேதச் சொல்லாகிவிடும். சமையலறையில் உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்தால், "விழுப்புரம் ஆயிடுச்சு" என்று ஒருவர் சொல்ல, வந்த விருந்தாளிக்குப் புரியாமல் குடும்பம் மட்டும் நமுட்டுச் சிரிப்பு சிரிக்கும். தம்பதிகளின் நகைச்சுவை என்று நாம் சொல்வதில் பாதிக்குமேல் இப்படிச் சேர்ந்த சொற்கள்தான்.

பெட்டிக் கணக்கு

இதே விதி வெள்ளிக்கிழமை இரவிலும் செல்லும். "ரெண்டு நாளைக்கு எதுக்கு நாலு பை? வீட்டையே பேத்து எடுத்துட்டு வரியா?" என்பது தமிழ்க் குடும்பங்களின் பழைய நகைச்சுவை. பை அடுக்கியவரே இதைச் சொன்னால் நன்றாக இருக்கும். சோபாவில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் இருக்காது. நான்கில் இரண்டு பை பிள்ளைகளுடையது என்பதும், மலையில் சாயங்காலம் குளிரும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியாது. கேலி செய்யும் ஆசை இருந்தால் பிள்ளைகளின் பை ஒன்றை முழுதாகத் தானே அடுக்கட்டும். உள்ளாடை, சாக்ஸ், ஸ்வெட்டர், பல்துலக்கி என்று ஒன்று விடாமல். அப்புறம் பேச உரிமை உண்டு.

டிக்கியில் பையை ஏற்றுமுன் ஸ்டெப்னியின் காற்றைப் பார்த்துவிடுங்கள். பல கார்களில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் ஸ்பேனரும் டிக்கித் தரைக்கு அடியில் இருக்கும்; பஞ்சர் ஆனபின் நெடுஞ்சாலை ஓரத்தில் நான்கு பையையும் இறக்கிவைத்துவிட்டு, ஸ்டெப்னியிலும் காற்று இல்லை என்று கண்டுபிடிப்பதுபோல் கொடுமை வேறில்லை. எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைந்து, சாமான் நிறைந்து போனால் வேறு அளவு என்று அதிலேயே போட்டிருக்கும். டயர் சூடாவதற்கு முன், வீட்டுக்கு அருகிலேயே பிடித்துக்கொள்வது நல்லது. கனமான பெட்டி அடியில், பின் இருக்கையின் முதுகை ஒட்டி. பின்கண்ணாடியை மறைக்கும் உயரத்துக்கு எதுவும் வேண்டாம். பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் தண்ணீர் பாட்டிலோ குடையோ வைத்தால், சடன் பிரேக்கில் அது பிள்ளையின் தலைக்குத்தான் வரும்.

டிக்கிக்குப் போகாத பை ஒன்று வேண்டும். ஆளுக்கு ஒரு மாற்றுடை, இரண்டு துண்டு, தண்ணீர், மருந்து, சார்ஜர், ஈரத்துணி, மூடி இறுகும் டப்பா ஒன்று. அந்த டப்பா எதற்கு என்பது மலையடிவாரத்தில் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டே வார்த்தை. தேங்காய்ச் சட்னி மதியம் தாங்காது, ஆகவே இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிக்கொள்ளலாம். தயிர்சாதத்துக்கு, குழைத்த சோறு ஆறியதும் பால் நிறைய ஊற்றி ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுப் பிசைந்தால் மதியத்துக்குச் சரியாகப் புளித்திருக்கும். புளியோதரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வளைவுகளில்

எத்தனை வளைவு என்பதைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள், புகைப்படத்தைப் பார்த்து வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. சின்னப் பிள்ளைகளோடு போகிற முதல் பயணத்துக்குக் கொல்லிமலையைத் தேர்ந்தெடுத்தால் மேலே போய்ச் சேரும்போது குடும்பத்தில் யாருக்கும் ஆகாய கங்கை அருவியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி ஏறத் தெம்பிருக்காது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடைக்கு நீதிமன்றம் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு போட்டது. நீலகிரிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000. அன்றைய விதி என்ன என்பதை வியாழக்கிழமையே பார்த்துப் பாஸ் எடுத்து, படமாகவும் சேமித்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் சிக்னல் இல்லாமல் போனைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் நேரம், "நீங்கதானே எடுக்கறேன்னு சொன்னீங்க" என்ற வாக்கியம் பிறக்கும் நேரம்.

வாந்தி வருவது பலவீனம் கிடையாது. காதின் உட்பகுதி, வண்டி திரும்புகிறது என்கிறது. முன் இருக்கையின் முதுகையோ போன் திரையையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டுகிறது. ஆகவே அடிவாரத்திலேயே போனை வாங்கி வையுங்கள். பின் இருக்கையின் நடுவில் மூன்று முனை பெல்ட் இருந்தால், அதிகம் பாதிக்கப்படும் பிள்ளையை அங்கே உட்கார வைத்து முன்கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லலாம். முன்னால் மடியில் வைத்துக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம்: காற்றுப்பை விரிந்தால் அதற்கும் நமக்கும் நடுவில் பிள்ளை இருக்கும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் இருந்தால் சட்டப்படி 1000 ரூபாய் அபராதமும் உண்டு. வெறும் வயிறும் கூடாது, ரோஸ்ட்டும் பொங்கலும் அடைத்த வயிறும் கூடாது. மலை ஏறுவதற்கு ஒன்றரை மணிநேரம் முன்பு இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு அரைமணியிலிருந்து ஒரு மணி முன்பே கொடுத்துவிட வேண்டும். குமட்டல் தொடங்கியபின் பெரிய பலன் இருக்காது. நீலகிரியில் பிளாஸ்டிக் பையும் தண்ணீர் பாட்டிலும் தடை என்பதால், கழுவித் திரும்பப் பயன்படுத்தும் அந்த மூடி போட்ட டப்பாதான் கைகொடுக்கும். வாந்தி எடுத்த பிள்ளையை அண்ணனோ அக்காவோ கேலி செய்ய விடாதீர்கள். முதல் சிரிப்பு அந்தப் பிள்ளையுடையது. முகம் கழுவி, ஒரு வாய் தண்ணீர் குடித்தபின் பெரும்பாலும் அதுவே ஆரம்பித்துவிடும்.

இறங்கும்போது வேறொரு நாடகம். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் வலது கால், கால்மிதியின்மேல் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும். செருப்பின் முன்பகுதி மடங்கும் அளவுக்கு அழுத்தம். ஒரு கை கதவுக்கு மேலுள்ள பிடியில், இன்னொரு கை மடியில் இருக்கும் பையைக் கசக்கிக்கொண்டு. இதைப் பார்த்து, "உன் பக்கமும் ஒரு பிரேக் வைக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்காத கணவர் குறைவு. மனைவி ஓட்டும் வீடுகளில் கணவரின் காலும் அதையேதான் செய்கிறது. அந்தப் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம்; ஓட்டுகிறவர் வலது இருக்கையில் இருக்கிறார். ஏறும்போது இடப்பக்கம் பாறைச் சுவராக இருந்த சாலையில், இறங்கும்போது இடப்பக்கம் பள்ளத்தாக்கு. ஓட்டுகிறவருக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு காரின் அகலம் முழுதாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் ஜன்னலுக்கு நேர் கீழே சாலையின் வெள்ளைக் கோடு, அதற்கப்பால் மரங்களின் உச்சி. இருவரும் ஒரே வளைவில் இருந்தாலும் ஒரே காட்சியைப் பார்க்கவில்லை.

ஆகவே அங்கே கேலியைவிட உதவுவது கியர்தான். ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு, இன்றும் சரியான கணக்கு. கொண்டை ஊசிகளில் இரண்டாவது கியர், மிகச் செங்குத்து என்றால் முதல். ஆட்டோமேட்டிக் வண்டியில் கீழ் கியரில் நிறுத்திவைக்கும் நிலை இருக்கும். டி-யில் விட்டுவிட்டு மலை முழுதும் பிரேக்கிலேயே இறங்கக்கூடாது. நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கையை இன்றோடு விட்டுவிடுங்கள்: இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை நிறுத்தியேவிடும், நியூட்ரலில்தான் செலவு. பிரேக்கை லேசாக நெடுநேரம் மிதிக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிட வேண்டும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணிநேரம் ஆறவிடுங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வளைந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்து கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 டிகிரிக்கே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தடையே இல்லாமல் உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதற்காகத்தான். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும் என்பது விதி. சிரிப்பையும் பேச்சையும் வளைவுகளுக்கு இடையில் வைத்துக்கொள்ளலாம். வளைவில் ஹாரன் மட்டும்.

இப்படி இறங்கினால் இரண்டாவது மூன்றாவது வளைவிலேயே அந்த வலது கால் தளரும். தளர்ந்ததும் அவரே சொல்வார், "என் பிரேக் கட்டை தேஞ்சே போச்சு" என்று.

ஞாயிற்றுக்கிழமை

திரும்பி வரும் நாளில் எல்லாரும் களைத்திருப்பார்கள். பேச்சு குறைவதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னைக்காரர்கள் பரனூர் சுங்கச்சாவடியை நாலு மணிக்குள் கடக்கிற மாதிரி கிளம்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு அங்கிருந்து கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர் வரை நகர்வது தனி யாத்திரை. ஏற்காட்டிலிருந்து என்றால் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் புறப்பட்டாக வேண்டும். "இன்னும் ஒரு வியூ பாயிண்ட் பார்த்துட்டுப் போலாமே" என்பதைச் சனிக்கிழமையே முடித்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டிலிருந்து நாலு மணிவரை ஓட்டுகிறவருக்குக் கண் செருகும். அப்போது பக்கத்தில் இருப்பவர் விடாமல் பேசி, சிரிக்கவைத்து விழித்திருக்கச் செய்வதைக் கடமையாக நினைக்கிறோம். அன்பால் செய்வது, ஆனால் தூக்கத்தைப் பேச்சால் தள்ளிப்போட முடியாது. ஓட்டுகிறவர் "ம்" மட்டும் போடுகிறார், ஒரே விஷயத்தை இருமுறை கேட்கிறார், தடத்தின் கோட்டை உரசுகிறார், முன்னால் போன பலகை எந்த ஊர் என்று நினைவில்லை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்தவேண்டும். உரிமம் இருந்தால் மற்றவர் ஓட்டட்டும். இல்லையென்றால் ஆட்கள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க்கிலோ உணவக வளாகத்திலோ நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்கட்டும். அதற்குமேல் தூங்கினால் எழும்போது தலை கனக்கும். நிறுத்திய உடனே ஒரு காபி குடித்துவிட்டுப் படுத்தால், எழும்போது அதுவும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். எழுந்ததும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். பிள்ளைகளை அந்த இருபது நிமிடம் இறக்கி வெளியே வைத்துக்கொள்வது மற்றவரின் வேலை.